ஆலைச் சங்கமும் ஐயாயிரம் கையொப்பமும்

வணிகர்க்குச் சங்கம் உண்டு; தோட்ட முதலாளிக்குச் சங்கம் உண்டு; ஆலை முதலாளிக்கும் சங்கம் உண்டு. புதுச் சட்டம் ஒன்று வரப்போகிறது என்ற சேதி காற்றுவாக்கில் எட்டியதும் சங்கம் கூடுகிறது, தீர்மானம் பிறக்கிறது, மகஜர் புறப்படுகிறது, ஆட்சிப் பீடத்திலே இருப்பவர், வந்தவரை அமரச் செய்து செவிசாய்க்கிறார். இதிலே குற்றம் காண நாம் முற்படவில்லை. ஒரு தொழிலைப் பற்றிச் சட்டம் செய்வோர், அந்தத் தொழிலில் உள்ளோரைக் கேட்டறிந்துதான் செய்யவேண்டும். கேட்காமல் செய்யும் சட்டம் காகிதத்தில் மட்டுமே வாழும்.

ஆனால், தொழிலில் உள்ளோர் யார்? பணம் போட்டவர் மட்டுமா? பாடுபட்டவரும் சேர்த்தா? அரசாங்கத்தின் முன் நின்று, 'எங்கள் தொழில்' என்று ஒரு சங்கம் பேசும்போது, அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள்ளே எத்தனை பேர் அடக்கம்? பம்பாய்ப் பஞ்சாலைகளின் வரலாற்றிலே இந்தக் கேள்வி ஐம்பதாண்டுக் காலம் அலைந்து திரிந்தது. அந்த வரலாற்றின் நடுநாயகமான ஒருவரின் பெயரை, நாம் கல்லூரியில் படித்த நாளிலே எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை. ஆகவே எழுதுகிறோம்.

1854-ல் கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் பம்பாயில் நூற்பு ஆலைக் கம்பெனி ஒன்றைத் தோற்றுவித்தார். 1856-ல் கதிர்கள் சுழலத் தொடங்கின. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையில் இந்தியப் பருத்திக்கு வந்த விலையேற்றம், பம்பாய் வணிகரின் பெட்டிகளை நிரப்பிற்று. அடுத்த பத்தாண்டுகளில் புகைபோக்கிகள் பெருகின. பெருகவே, கடலுக்கு அப்பால் இலங்காஷயர் முதலாளிமார்க்கு உறக்கம் கெட்டது. இந்தியச் சந்தையை நம்பியல்லவா அவர்கள் தறிகள் ஓடின!

1874-ல் மான்செஸ்டர் வர்த்தக சங்கம் மகஜர் ஒன்றை அனுப்பிற்று. இந்தியாவுக்குள் வரும் துணிக்கு நூற்றுக்கு 5, நூலுக்கு நூற்றுக்கு மூன்றரை என இருந்த இறக்குமதி வரியை எடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். வரியோடு நிற்கவில்லை அவர்கள் கவலை. இந்திய ஆலைகளிலே சிறுவரும் பெண்டிரும் விடியல் முதல் அந்தி வரை வதைபடுகிறார்களே, கேட்பாரில்லையா என்ற குரலும் இலங்காஷயரில் எழும்பிற்று. குழந்தைகளின் மீது கொண்ட இரக்கமா, கொள்ளை இலாபம் குறைகிறதே என்ற கலக்கமா? இரண்டும் கலந்திருந்தன என்பதே உண்மை. இங்கிலாந்தில் தொழிற்சாலைச் சட்டங்களுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய ஷாப்ட்ஸ்பரி பிரபு, 1875-ல் பிரபுக்கள் சபையில் இந்திய ஆலைச் சிறுவர்களுக்காகப் பேசினார். அவரை வியாபாரி என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் பேச்சுக்குக் கைதட்டியவர்களிலே வியாபாரிகள் இருந்தனர்.

அதே 1875-ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம், ஆலைகளின் நிலையை ஆராய ஒரு கமிஷனை நியமித்தது. அதே ஆண்டில்தான் பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கமும் தோன்றியது. இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தது தற்செயல் அன்று. சட்டம் ஒரு பக்கம், சுங்க வரி மறு பக்கம் என இரு முனைகளிலும் இலங்காஷயர் நெருக்கும்போது, தனித்தனி முதலாளி தனித்தனியே கடிதம் எழுதிப் பயன் என்ன? ஒரே குரலாகப் பேச ஒரு சங்கம் வேண்டும் என்று கண்டனர். சங்கத்தின் பெருந்தூண்களில் ஒருவராகப் பல்லாண்டு விளங்கிய தின்ஷா பெட்டிட், அந்தக் கமிஷனிலேயே உறுப்பினராகவும் இருந்தார். விசாரிக்கப்படவேண்டிய தொழிலின் முதலாளி, விசாரணை மேடையிலே! அதே மேடையில் தொழிலாளிக்கு இருக்கை கிடையாது. சட்டம் தேவையில்லை என்று கமிஷனின் பெரும்பான்மையோர் கூறியதில் வியப்பென்ன?

இங்கே சங்கம் வேலைசெய்த முறையை நாம் கூர்ந்து காணவேண்டும். கூச்சலிட்டுக் காரியம் சாதித்த சங்கம் அல்ல அது. முதலாவதாக, கணக்கு அதன் கையில் இருந்தது. எத்தனை ஆலை, எத்தனை கதிர், எத்தனை தறி, எத்தனை ஆள், எவ்வளவு பஞ்சு என்று ஆண்டுதோறும் அட்டவணை போட்டு வெளியிட்டது. அரசாங்கத்துக்கே அந்த அட்டவணைதான் ஆதாரம். சட்டம் எழுதுபவன் தன் எண்களை, சட்டத்துக்கு உட்படவேண்டியவனிடமே பெற்றுக்கொள்கிறான்! எந்த எண்ணைக் கேட்பது என்பதையும் அவனிடமே கற்றுக்கொள்கிறான். சிறுவன் ஒருவன் ஆலைக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தான், எத்தனை மணிக்கு வெளியேறினான் என்பது அந்த அட்டவணையிலே இல்லை. கேட்கப்படவில்லை, ஆகவே சொல்லப்படவில்லை.

அடுத்தது, சங்கம் தன் பெயரால் மட்டும் பேசவில்லை. நாட்டின் பெயரால் பேசியது. அதற்கும் ஒருபடி மேலே போய், தொழிலாளியின் பெயராலேயே பேசியது. சிறுவர்களை வீட்டுக்கு அனுப்பினால் குடும்பத்தின் கூலி குறையும், ஏழை தவிப்பான், நம் ஊர்த் தொழிலாளி இங்கிலாந்துக்காரனைப்போல் இடைவிடாது வேலை செய்பவன் அல்லன், நடுநடுவே புகைபிடிக்கப் போகிறான், ஓய்ந்து உட்காருகிறான், ஆகவே நேரம் நீண்டாலும் பாரம் குறைவு, தொழிலாளர் எவரும் குறை சொல்லவில்லையே, வெளியார்தாம் சொல்கிறார்கள். வாதங்களின் தொகுப்பு இது. கடைசி வாதத்தை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். 1884-ல் அதற்கு விடை வரும்.

முதலாளி வர்க்கத்துக்கு நெருக்கமான பார்சி சமுதாயத்திலிருந்தே ஒருவர் எழுந்தார். சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி. சீர்திருத்தவாதி, இதழாசிரியர். 1878-ல் அவர், ஆலைகளில் வேலைநேரத்தைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்றைத் தயாரித்தார். பம்பாய் அரசாங்கம் அதனைச் சட்டசபைக்குக் கொண்டுவர இசையவில்லை. ஆனால் அவர் கிளப்பிய கிளர்ச்சி கடல் கடந்தது. 1881-ல் இந்தியாவின் முதலாவது தொழிற்சாலைச் சட்டம் வந்தது.

வந்த சட்டத்தைப் பாருங்கள். 100 பேருக்குக் குறைந்த தொழிற்சாலைக்கு அது பொருந்தாது. ஆண்டுக்கு நான்கு மாதத்துக்குமேல் ஓடாத தொழிற்சாலைக்கும் பொருந்தாது. ஆகவே பருவகாலத்தில் மட்டும் இயங்கும் பருத்தி அரைவை நிலையங்கள் தப்பின. தேயிலை, காப்பி, அவுரித் தோட்டங்களுக்கும் விலக்கு. அங்கே முதலாளி வெள்ளையர் அல்லவா! ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தையை வேலைக்கு வைக்கக்கூடாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். ஆம், ஏழு வயதுச் சிறுவனிடம் ஒன்பது மணி நேரம்! அவனுக்கு மாதத்தில் நான்கு நாள் விடுமுறை. வயதுவந்த பெண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆணுக்கு ஒன்றுமில்லை. தனி இன்ஸ்பெக்டர் இல்லாத இடத்தில், ஆயிரம் வேலைகளுக்கிடையே ஜில்லா அதிகாரியே இன்ஸ்பெக்டர். அந்த ஏழு வயதுக்கும் பிறப்புச் சான்று ஏது? கண்ணால் பார்த்து மதிப்பிடும் வயதுதான்.

இந்த இத்துனூண்டுச் சட்டத்தையும் நாட்டுப்பற்று மிக்க ஏடுகள் எதிர்த்தன. கல்கத்தாவின் அமிர்த பஜார் பத்திரிகை எதிர்த்தது. பூனாவில் திலகரைச் சேர்ந்த கேசரியும் மராட்டாவும் எதிர்த்தன. இலங்காஷயரின் சூழ்ச்சி, சுதேசித் தொழிலை நசுக்க வந்த சட்டம் என்றன. சூழ்ச்சி இருந்தது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், அன்னியன் தன் நலத்துக்காக நீட்டினாலும், அந்தக் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இருப்பவன் மேலே வரலாமா கூடாதா? கிணற்றின் விளிம்பிலே நிற்பவர்கள், "கயிறு சீமைக் கயிறு, தொடாதே" என்று உபதேசம் செய்தார்கள். 1908-ல் திலகர் தண்டிக்கப்பட்டபோது, பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதையும் நேர்மையோடு குறித்துவிடுகிறோம். அவர்களுக்கிருந்த பெருந்தன்மை அவ்வளவு.

1882-ல் மீட் கிங் என்ற ஆங்கிலேயத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் பம்பாய் ஆலைகளைப் பார்வையிட்டு, சட்டம் போதாது என்று அறிக்கை தந்தார். அதன்மேல் ஆராய 1884-ல் பம்பாய் அரசாங்கம் மறுபடி ஒரு கமிஷன் வைத்தது. இப்போதுதான் நமது கதாநாயகர் வருகிறார்.

நாராயண் மேகாஜி லோகண்டே. 1848-ல் தாணேயில் பிறந்தவர். ஆலையொன்றில் சரக்கறைக் காப்பாளராக வேலைபார்த்தவர். ஆகவே ஆலையின் உள்ளறிந்தவர். பார்ப்பனியத்தின் பிடியிலிருந்து சூத்திரரையும் தீண்டப்படாதாரையும் மீட்க 1873-ல் மகாத்மா சோதிராவ் புலே நிறுவிய சத்திய சோதக் சமாஜத்தின் தொண்டர். அந்த இயக்கத்தின் ஏடான 'தீனபந்து'வை 1880 முதல் நடத்தியவர். கணவனை இழந்த பெண்ணின் தலையை மழிக்கும் கொடுமைக்கு எதிராக, 'இனி அந்த வேலையைச் செய்யமாட்டோம்' என்று 1890-ல் பம்பாய் நாவிதர்களையே வேலைநிறுத்தம் செய்யவைத்தவரும் இவரே. சாதி ஒழிப்பு வேறு, தொழிலாளர் விடுதலை வேறு என்று பிரித்துப் பேசும் பண்டிதர்களுக்கு, லோகண்டே ஒரு தொல்லை!

1884 செப்டம்பர் 23-ல் பம்பாயின் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் கூட்டமொன்றைக் கூட்டினார். மூன்று நாள் கழித்து இன்னொன்று. கமிஷனுக்கு ஒரு மகஜர் தயாரிக்கப்பட்டது. 5,500 தொழிலாளர் கையொப்பமிட்டனர். கேட்டவை என்ன? ஞாயிறுதோறும் முழு ஓய்வு. நண்பகலில் அரைமணி நேர இடைவேளை. காலை ஆறரை மணிக்குத் தொடங்கிப் பொழுது சாயும்போது வேலை முடியவேண்டும். கூலியை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் தந்துவிடவேண்டும். வேலையில் அடிபட்டவனுக்குக் குணமாகும் வரையில் முழுக்கூலி. உடல் முடமானால் பிழைப்புக்கு வழி.

நாம் இந்த மகஜரைப் படிக்கும்போது, கேட்கப்பட்டவற்றைவிடக் கேட்கப்படாதவை நம்மைத் தைக்கின்றன. கூலி உயர்வு கேட்கவில்லை. எட்டு மணி நேரம் கேட்கவில்லை. ஆறரை முதல் அந்தி வரை என்பதே அவர்களுக்குச் சலுகை! ஒரு மாதம் உழைத்த கூலி, அடுத்த மாதம் பாதிக்குள்ளாவது கைக்கு வரவேண்டும் என்பது கோரிக்கை! அப்படியானால் நடைமுறை எப்படி இருந்திருக்கும்?

'தொழிலாளர் எவரும் குறை சொல்லவில்லை' என்ற வாதத்தின் தலையில் அந்த 5,500 கையொப்பமும் இடியாக விழுந்தன. சங்கம் இனிமேல் எதுவும் பேசலாம், தொழிலாளியின் மௌனத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

உடனே சட்டம் வந்ததோ? வரவில்லை. ஏழாண்டுகள் போயின. முதலாளியின் மகஜருக்கும் தொழிலாளியின் மகஜருக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான். முதலாளி சங்கத்துக்கு அலுவலகம் உண்டு, செயலாளர் உண்டு, ஆண்டறிக்கை உண்டு. ஒரு கடிதத்துக்கு விடை வராவிட்டால் மறு கடிதம் போகும். லோகண்டேயின் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கோ உறுப்பினர் பட்டியல் இல்லை, நிதி இல்லை, விதிகள் இல்லை. அந்நாளைய அதிகாரிகள் இதைச் சுட்டி, அது சங்கமே அல்ல என்று எழுதிவைத்தனர். விடியலில் ஆலைக்குள் போய் அந்தியில் வெளியேறுகிறவன், பட்டியல் எழுதுவது எப்போது? சந்தா செலுத்துவது எதிலிருந்து?

ஆயினும் அவர் விடவில்லை. 1890 ஏப்ரல் 24-ல் பம்பாயில் பத்தாயிரம் தொழிலாளர் திரண்டனர். இரு பெண் தொழிலாளர் மேடையேறிப் பேசினர். 1890-ல், பெண், அதிலும் ஆலைத் தொழிலாளி, பொதுமேடையிலே! வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்ற மகஜர் ஆலை முதலாளிகள் சங்கத்துக்கே அனுப்பப்பட்டது. ஜூன் 10-ல் சங்கம் இணங்கியது. மனம் இளகிற்று என்று நாம் எண்ணவேண்டியதில்லை. அவ்வாண்டு மார்ச்சில் பெர்லின் நகரில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, வார ஓய்வைப் பரிந்துரைத்திருந்தது. புதிய சட்டம் வருவது உறுதியாகிவிட்டது. பறிக்கப்படுமுன் தந்துவிடுவது கெட்டிக்காரத்தனம் என்பதைச் சங்கம் அறிந்திருந்தது.

இந்தியாவுக்கே ஞாயிறு விடுமுறை வாங்கித் தந்தவர் லோகண்டே என்று எழுதுவோரும் உண்டு. அது மிகை. ஆலைத் தொழிலாளிக்கு வாங்கித் தந்தார். அதுவே போதும், மிகைப்படுத்த வேண்டாம். 1890-ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கமிஷன், பம்பாய் விசாரணையில் அவரைத் துணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பதினைந்தாண்டுகளுக்கு முன் தின்ஷா பெட்டிட் அமர்ந்த வகையான மேடையில், ஓரமாகவேனும் ஓர் இருக்கை! 1891-ன் சட்டத்தில் வார ஓய்வு வந்தது. நண்பகல் இடைவேளை வந்தது. பெண்களுக்கு 11 மணி நேர வரம்பு வந்தது. குழந்தையின் வயது ஒன்பதுக்கு உயர்ந்தது. 50 பேர் உள்ள தொழிற்சாலையும் சட்டத்துக்கு உட்பட்டது. 1897 பிப்ரவரியில், பம்பாயைச் சூறையாடிய பிளேக் நோய் லோகண்டேயைக் கொண்டுபோயிற்று.

முதலாளிகள் சங்கம் எப்போதும் அநீதியின் பக்கமே நின்றது என்றால், நாமும் பொய்யுரைத்தவராவோம். 1882-ல் இலங்காஷயர் தன் விருப்பப்படி இறக்குமதி வரியை ஒழித்துக்கொண்டது. 1894-ல் அரசாங்கத்தின் பணமுடையால் வரி திரும்பியபோது, போட்டி சமமாக இருக்கவேண்டும் என்று சொல்லி, இந்திய ஆலையில் நூற்ற 20-ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் கலால் வரி போட்டார்கள். 1896-ல் அது இந்திய ஆலைத் துணி மீது நூற்றுக்கு மூன்றரை என மாறிற்று. தன் நாட்டில், தன் பஞ்சில், தன் மக்கள் நெய்த துணிக்கு, வெளிநாட்டுப் போட்டியாளனின் மனநிறைவுக்காக வரி! இதனை எதிர்த்து ஆலை முதலாளிகள் சங்கம் முப்பதாண்டுகள் மகஜர் மேல் மகஜராக எழுதிற்று. 1925 டிசம்பரில் அந்த வரி நிறுத்தப்பட்டது, 1926-ல் ஒழிந்தது. இங்கே சங்கத்தின் நலமும் நாட்டின் நலமும் ஒன்றாக இருந்தன. சங்கம் பேசியது நியாயம். ஒரே சங்கம், ஒரே செயலாளர் மேசை, ஒரே மொழிநடை. கலால் வரியைப் பற்றி எழுதியபோது மெய்யான அதே வாக்கியம், சிறுவனின் வேலைநேரத்தைப் பற்றி எழுதியபோது பொய்யாயிற்று.

1905-ஐ ஒட்டி பம்பாய் ஆலைகளில் மின்விளக்கு வந்தது. சூரியன் மறைந்தால் வேலை முடியும் என்ற இயற்கைச் சட்டமும் மறைந்தது. சில ஆலைகளில் வேலை பதினைந்து மணி நேரத்தை எட்டிற்று. மறுபடி விசாரணை, மறுபடி கமிஷன். 1908-ல் அறிக்கை தந்த அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷனிலே ஓர் உறுப்பினர் நம்மவர்: டாக்டர் டி. எம். நாயர். பின்னாளில், 1916-ல், தியாகராயரோடும் நடேசனாரோடும் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை, நீதிக் கட்சி என்று நாடு அழைத்த அந்த இயக்கத்தைத் தோற்றுவித்த அதே நாயர்தான்.

வயதுவந்த ஆண்களின் வேலைநேரத்தை நேராகச் சட்டத்தால் வரையறுக்கக் கூடாது என்றனர் பெரும்பான்மையோர். தொழிலாளி ஓய்ந்து ஓய்ந்து வேலை செய்பவன் என்ற பழைய வாதமும் உலாவிற்று. டாக்டர் நாயர் தனித்து நின்று மாற்றுக் கருத்துரை எழுதினார். நேரடியாக வரையறுத்தே ஆகவேண்டும் என்றார். அவர் மருத்துவர், பதினான்கு மணி நேரம் நின்ற உடலை, மகஜரில் படித்தவர் அல்லர், கண்ணாரக் காணப் பயின்றவர். அவரைப் 'பிராமணரல்லாதாருக்குப் பதவி கேட்டவர்' என்ற ஒரே வரியில் அடக்கிவிட நினைப்போர், இந்தக் கருத்துரையையும் கணக்கில் சேர்க்கட்டும். 1911-ல் வந்த சட்டம், பஞ்சாலை, சணல் ஆலைகளில் வயதுவந்த ஆணுக்கும் 12 மணி நேரம் என்று வரம்பிட்டது. பெரும்பான்மை கூடாதென்றதைத்தான் சட்டம் செய்தது.

1919-ன் சீர்திருத்தம் வந்தபோது, சங்கங்கள் சட்டமன்றத்துக்குள்ளேயே குடியேறின. பம்பாய்ச் சட்டமன்றத்தில் பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கம் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆமதாபாத் சங்கம் ஒருவரை. நமது சென்னையிலும் வெள்ளை வணிகரின் வர்த்தக சங்கத்துக்கு இரண்டு இடம், தென்னிந்திய வர்த்தக சங்கத்துக்கு ஒன்று, தோட்ட முதலாளிகளுக்கு ஒன்று, நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கும் ஒன்று. இனிக் கதவைத் தட்டவேண்டிய தேவை இல்லை, வீட்டுக்குள்ளேயே நாற்காலி! தொழிலாளிக்காக ஒருவர் பேசவேண்டுமானால் அரசாங்கம் பார்த்து நியமிக்கவேண்டும்.

அந்த நாட்களில் சென்னையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர்ப் பகுதிப் பஞ்சாலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. வாடியா தலைவர், திரு. வி. க. துணை நின்றவர், செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் வித்திட்டவர்கள். லோகண்டேக்கு இல்லாதிருந்த உறுப்பினர் பட்டியல் இதற்கு உண்டு, சந்தா உண்டு, விதி உண்டு. சங்கம் என்றால் இன்னின்ன வேண்டும் என்று அதிகாரிகள் கேட்டவை யாவும் இருந்தன. 1920-ல் கதவடைப்பு வந்தது. பின்னி கம்பெனி, வாடியா முதலியோர் தொழிலாளரைத் தூண்டி வேலை ஒப்பந்தத்தை முறிக்கச் செய்தனர் என்று வழக்குத் தொடுத்தது. சென்னை உயர்நீதி மன்றம் தடையாணை பிறப்பித்தது. முதலாளிகள் கூடித் தீர்மானித்தால் அது பிரதிநிதித்துவம், சட்டமன்றத்தில் இடம் உண்டு. தொழிலாளர் கூடித் தீர்மானித்தால் அது ஒப்பந்த முறிவு, நீதிமன்றத்தில் இடம் உண்டு! சமரசம் பேசியபோது, வாடியா தொழிலாளர் சங்கத்திலிருந்து விலகவேண்டும் என்பது நிபந்தனையாயிற்று, விலகினார்.

அந்த வழக்கு நாடெங்கும் கிளப்பிய அதிர்ச்சியில், தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று 1921-ல் மத்திய சட்டசபையில் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் ந. ம. ஜோஷி. அவரும் வாக்குப் பெற்று வந்தவர் அல்லர். தொழிலாளர்க்காக அரசாங்கம் நியமித்த உறுப்பினர். ஐந்தாண்டுகள் கழித்து, 1926-ல், தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பம்பாய் ஆலை முதலாளிகள் சங்கத்துக்கு அப்போது வயது 51.